களைக் குவியலில் இல்லாத செடி

புதிதாகச் சூப்பர்வைசராகியிருக்கும் உங்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். பூப்பாத்தியின் ஓரத்தில் திடீரென்று முளைத்து நிற்கும் பெயர் தெரியாத செடியை எப்படி அடையாளம் காண்பது? இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா, கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் என்ன வாடை என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் படம் போட்டுச் சொல்லித் தருவார்கள். கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

அதெல்லாம் தெரிந்திருந்தும் எனக்கு ஒன்றுமே புரியாமல் போன ஒரு பிற்பகலைச் சொல்கிறேன். என் முழங்கால்கள் குத்துக்காலிட மறுத்துவிட்டன. குத்துக்காலிட முடியாத தோட்டச் சூப்பர்வைசரால் பயனில்லை என்று இந்த ஆண்டு வேலையை விட்டுவிட்டேன். நடந்ததை அன்றன்றே எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் அந்த நாளைப் பற்றி எழுதியதைப் படித்தால் வரிசையே சரியில்லை. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன். ஆகவே அப்போது எனக்குத் தெரிந்தது எது, பிறகு கேட்டறிந்தது எது என்று பிரித்தே சொல்கிறேன். கலந்து சொன்னால் நான் ஏதோ புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதுபோல் தோன்றிவிடும்.

நான் கடைசியாகப் பொறுப்பில் இருந்தது ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை. அங்கே புல்வெளி, வேலிச்செடி, பூப்பாத்தி எல்லாம் நம் கம்பெனியின் ஒப்பந்தம். பார்வையாளர் கேட்டை ஒட்டிய நீளமான ஓரப்பாத்தி கோமளாவுக்கும் எஸ்தருக்கும் உரியது. கோமளா வடக்குப்பட்டு. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிக்காமல் உள்ளே வரமாட்டாள். எஸ்தர் சேரப்பணஞ்சேரி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், அதையும் பாதிதான் சொல்வாள். இருவரும் எப்போதும் சேர்ந்தே குந்தியிருப்பார்கள். கோமளா பேசுவாள், எஸ்தர் தலையாட்டுவாள்.

களை எடுக்கும்போது அவர்கள் மடியில் கொஞ்சம் கீரை சேர்வது எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கலவைக்கீரை என்றால் விளக்க வேண்டியதில்லை. தெற்கிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே கீரையாக இல்லாமல் வரப்பில், வாய்க்காலோரத்தில் தானாக முளைப்பதில் நாலைந்து வகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பருப்போடு வேகவைத்துக் கடைவார்கள். வயல்களில் முக்கால்வாசி தொழிற்சாலையாகிவிட்ட பிறகு, தண்ணீர் விட்டு வளர்க்கும் இடம் என்று மிஞ்சியது நம்முடைய பாத்திகள்தான். களை குப்பைக்குப் போனால் என்ன, குழம்புக்குப் போனால் என்ன என்று நான் இருந்துவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் அந்தப் பாத்திச் செம்பருத்திகளுக்கு மாவுப்பூச்சி மருந்து அடித்தோம். அடித்தவன் முருகேசன், சிவகங்கைப் பக்கத்துப் பையன், நிதானமானவன். மருந்து அடித்த இடத்துக்கு மதியம் வரை யாரும் போகக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு கயிற்றை அவிழ்த்தோம். கோமளாவும் எஸ்தரும் வேலையைத் தொடங்கினார்கள். வெயில் நன்றாகவே அடித்தது.

சிறிது நேரத்தில் எஸ்தர் என்னைத் தேடி ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

"அக்கா, கோமு ஒரு மாரி பேசிக்கினு கீது. வந்து பாருங்களேன்."

புங்க மரத்தடியில் கோமளா நின்றுகொண்டிருந்தாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கேட்டுக்குள் ஒரு கண்டெய்னர் லாரி மெதுவாக நுழைந்தது.

"நவுருக்கா, நவுரு. வல்லக்கோட்டைத் தேரு வர்து. கும்புட்டுக்கோ," என்றாள்.

வழக்கமான கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். "தேர்ல சாமி யாருடி?" என்று கேட்டும்விட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்வை என்மேல் நிற்கவில்லை, என் பின்னால் எங்கோ போயிற்று. கையைப் பிடித்தேன். அடுப்பில் காய்ந்த தோசைக்கல் போலச் சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை.

இதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். சேஃப்டி ஆபீசர் வந்து, "வெயில் மேடம், வேற ஒண்ணுமில்ல. உப்புச் சர்க்கரைத் தண்ணி குடுங்க," என்றார். முதலுதவி அறை நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸை வரச் சொன்னாள். வேடிக்கை பார்த்த ஒருவன், "காலைலயே ஊத்திக்கிச்சோ இன்னாவோ," என்றான். எஸ்தர் அவனை முறைத்த முறைப்பில் அவன் கூட்டத்துக்குள் போய்விட்டான். என் கைபேசியில் நம் கம்பெனி மேனேஜர். "மேடம், காலையில மருந்து அடிச்சீங்கல்ல. அதை நீங்களா போய் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. டாக்டர் கேட்டா பாத்துக்கலாம்."

அப்போது ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வெயில் என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. மருந்து என்றால் நம் கம்பெனியின் பொறுப்பு. வீட்டுச் சாப்பாடு என்றால் கோமளாவே பொறுப்பு. ஒவ்வொரு காரணத்தையும் விரும்புவதற்கு ஓர் ஆள் அங்கே இருந்தார். எது உண்மை என்று அறிய விரும்பியவர்கள் என்று பார்த்தால் நானும் எஸ்தரும்தான், எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இந்த நிலைமை உங்களுக்கும் வரும். நெருக்கடியில் ஒரு காரணம் சட்டென்று எல்லோருக்கும் பிடித்துப்போனால், அது யாருக்கு வசதி என்று ஒரு கணம் பாருங்கள்.

"மதியம் இன்னா சாப்ட்டா?" என்று எஸ்தரைக் கேட்டேன்.

"கீரை. நேத்து கிள்... எடுத்தது. வூட்ல கடைஞ்சி எடுத்தாந்தா."

"நீ சாப்பிடலியா?"

"தவக்காலம்க்கா. வெள்ளிக்கிழமைல மதியம் சாப்பிட மாட்டேன்."

எஸ்தர் ஒரு சொல்லைப் பாதியில் விழுங்கியதை நான் கவனிக்கவில்லை. பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எஸ்தரைக் கோமளாவோடு ஆம்புலன்சில் ஏற்றினேன். கோமளாவின் கணவருக்குப் போன் செய்து, வீட்டில் மிச்சமிருக்கும் கீரையை யாரும் தொட வேண்டாம், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். காரணம் தெரியாதபோதும் தடுக்க வேண்டியதைத் தடுத்துவிடலாம். அதற்குச் செடியின் பெயர் தேவையில்லை. பிறகு முந்தின நாள் களைக் குவியலுக்குப் போனேன். அது இன்னும் டிரெய்லரில்தான் கிடந்தது. இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ என்று பொறுக்காமல், வேரும் மண்ணுமாக முழுவதையும் ஒரு சாக்கில் அள்ளினேன். முருகேசனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு போனேன். ஆம்புலன்சைத் தொடர்ந்து போனதால் கேட்டில் யாரும் சாக்கில் என்ன என்று கேட்கவில்லை. முருகேசன் என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, மருந்துத் தெளிப்பான் திறந்தபடி கிடக்கிறது என்று திரும்பிப் போனான்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். நான் மூன்றையும் சொன்னேன். காலையில் மருந்து அடித்தோம், அதன் பெயர் இது. வெயிலில் வேலை செய்தாள். பாத்தியில் எடுத்த கீரையைச் சாப்பிட்டாள். மேனேஜரின் குரல் காதில் இருந்தது, இருந்தும் சொன்னேன்.

அவர் கோமளாவின் கண்ணில் டார்ச் அடித்துக் காட்டினார். கருவிழி முழுக்க ஒரே கறுப்பு. "பூச்சிமருந்துன்னா பெரும்பாலும் கண்மணி சுருங்கணும், வேர்த்துக் கொட்டணும், வாயில எச்சில் ஊறணும். இவங்களுக்கு எல்லாமே தலைகீழா இருக்கு. ஆனா நீங்க மருந்து அடிச்சதா சொல்றீங்க. வெயிலா இருந்தா இந்தக் கண்ணு எதுக்கு? எனக்கு ஒரு செடி மேல சந்தேகம் இருக்கு. பேரைச் சொன்னா நீங்க அதை மட்டுமே தேடுவீங்க, அதான் சொல்லல. அது இல்லேன்னா மூளையில ஏதாவது ஆயிருக்கணும். அப்படின்னா இப்பவே ஸ்கேனுக்கு சென்னைக்கு அனுப்பணும். நாடி ஓடற ஓட்டத்தைப் பாத்தா ரோட்டுல கொண்டுபோறதே எனக்குப் பயமா இருக்கு. கீரையில என்னென்ன இருந்துதுன்னு சரியாத் தெரிஞ்சா இங்கேயே வெச்சுப் பாத்துக்கலாம். சீக்கிரம் சொல்லுங்க."

இருப்பதா போவதா என்பது என் பதிலில் வந்து நின்றது. கட்டிலில் கோமளா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். "தே, செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. கோயிலு இது."

அவள் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். ஆட்டோவிலேயே வந்தார், கையில் ஒரு தூக்குவாளி. "நா துன்னலக்கா. எனக்கு முட்டை இருந்திச்சி," என்று முதலில் அதைத்தான் சொன்னார், குற்றம் செய்தவரைப் போல. வாளியைத் திறந்தேன். பச்சைக் கூழ். கடைந்த கீரையில் எந்த இலையைத் தேடுவது?

டாக்டர் ஒரு பழைய விரிப்பைத் தரச் சொன்னார். வராந்தாவில் அதை விரித்து, சாக்கைக் கொட்டி வகை பிரித்தேன். மூக்கிரட்டை, சாரணை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைமேனி, கீழாநெல்லி, தும்பை, அம்மான்பச்சரிசி, நிறையக் கோரை. பார்த்தீனியம் இரண்டு கொத்து. நஞ்சு என்று சொல்லும்படி எதுவும் கீரையோடு கலக்கக்கூடியதாக இல்லை. இரண்டு செடிகள் எனக்கே தெரியவில்லை. படமெடுத்துக் கைபேசிச் செயலியில் போட்டேன். ஒன்றுக்கு மூன்று பெயர் சொன்னது, மூன்றும் வேறு வேறு குடும்பம். நம் அலுவலகத்தில் தோட்டக்கலை படித்த தம்பிக்கு அதே படத்தை அனுப்பினேன். நாலாவதாக ஒரு பெயர் சொன்னார். கூடவே, "லீஃப் பேஸ் தெரியல மேடம், பூ இருந்தா அனுப்புங்க," என்றார். பூ எங்கே இருக்கிறது? அவர் மேல் தவறில்லை.

"எஸ்தர், கீரைக்குன்னு நேத்து இன்னா இன்னா எடுத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லு."

"பண்ணக்கீரை, தொய்யக்கீரை, மூக்கரட்டை. மணத்தக்காளி கொஞ்சம்."

விரிப்பைப் பார்த்தேன். "மணத்தக்காளி இதுல எங்க இருக்கு?"

எஸ்தர் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். சாக்கில் விடுபட்டிருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். இதுவரை பார்த்ததில் கெட்டது எதுவும் இல்லை, செடி காரணமில்லை, சென்னைக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்வதற்காக எழுந்து உள்ளே போனேன். சொல்லியிருப்பேன். வாய் வரை வந்துவிட்டது.

கட்டிலில் கோமளா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். போர்வையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் கையைப் பிடித்தால் உதறிவிட்டு மறுபடி தொடங்கினாள். போர்வையில் இல்லாத செடியை இடது கையால் ஒதுக்கி, வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து நுனியை மட்டும் கிள்ளி, மடியில் போட்டாள். மறுபடியும் ஒதுக்கினாள், கிள்ளினாள், போட்டாள். டாக்டர், "இப்படித்தான் காத்துல எதையாவது பிடிச்சிட்டே இருப்பாங்க. அதுவும் ஒரு அடையாளம்தான்," என்றார்.

நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னவோ பொருந்தவில்லை, என்ன என்று பிடிபடவில்லை. பல வருடமாக அவள் களை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். களை எடுக்கும் கை இப்படிப் போகாது. களைக்கொத்தியை வேரில் குத்தி, தூரோடு சேர்த்து இழுத்து, மண்ணை உதறி, பின்பக்கமாக வீசும். இது பிடுங்கும் கை அல்ல.

வெளியே வந்தேன். "எஸ்தர், நீங்க கீரையைப் பிடுங்குவீங்களா, கிள்ளுவீங்களா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"உன்னைத்தாண்டி கேக்கறேன்."

"கிள்ளுவோம்க்கா." பிறகு, அவளுக்கு வழக்கமில்லாத அளவு பேசினாள். "புடுங்கிட்டா அடுத்த வாரத்துக்கு ஏது? வேலிக்குப் பின்னால, காம்பவுண்டு சைடுல விட்டு வெச்சிருக்கோம். முன்னாடி நின்னு பாத்தா தெரியாது. நீங்க எல்லாத்தையும் வேரோட எடுக்கச் சொல்லிக்கீறீங்க. விட்டு வெச்சது தெரிஞ்சா ரெண்டு பேரையும் நிறுத்திடுவாங்க. அதாங்க்கா..."

நான் அள்ளி வந்து, விரித்து, படமெடுத்து, பெயர் தேடிய குவியல், அவர்கள் சாப்பிடாதவற்றின் குவியல். கோமளா சாப்பிட்டது எதுவோ அதன் மிச்சம் இன்னும் பாத்தியில் நிற்கிறது, நுனி இல்லாமல்.

இந்த இடத்தில் எஸ்தரைக் கோபிக்க எனக்கு நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

முருகேசனை வீடியோவில் அழைத்தேன். முதலில் அவன் மூக்கு தெரிந்தது, பிறகு வானம், பிறகு நடைபாதைக் கல்.

"வேலிக்குப் பின்னாடி போடா. காம்பவுண்டுப் பக்கம்."

"எங்கிட்டுக்கா? இங்கிட்டு எல்லாம் ஒரே முள்ளா இருக்கு."

"போடா சொல்றேன். அங்க ஏதாவது செடி நுனி கிள்ளி நிக்குதா பாரு. பெரிசு சின்னது எதுவா இருந்தாலும்."

படம் ஆடியது. பச்சை, சாம்பல், அவன் கட்டைவிரல். பிறகு நின்றது. "ஆத்தி! இங்கன ஒரு கீரைத் தோட்டமே கெடக்குக்கா!"

பண்ணைக்கீரை, நுனி கிள்ளியது. தொய்யக்கீரை, கிள்ளியது. "மணத்தக்காளிக்கா, வரிசையா. எல்லாத்துலயும் கிள்ளியிருக்காக."

"கிட்டக் காட்டு."

ஒரு முழ உயரம்கூட இல்லாத இளஞ்செடிகள். பூவில்லை, காயில்லை. மணத்தக்காளி என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டு மூன்றில் இலை கொஞ்சம் அகலம், ஓரம் கொஞ்சம் அதிகமாக வளைந்து கூர்த்திருந்தது. நிழலில் நின்றால் மணத்தக்காளி இலையும் அகலமாகும். படம் தெளிவில்லை. அது வேறு, இது வேறு என்று அந்தத் திரையைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. இன்று சொல்லச் சொன்னாலும் முடியாது.

"கசக்கி மோந்து பாரு. அதையும் பாரு, பக்கத்துல இருக்கறதையும் பாரு. வாயில வெக்காதே."

"இது கீரை வாசம்க்கா." சற்று இடைவெளி. "இது... ச்சீ. ஒரு மாதிரி மக்குன கடலைப்புண்ணாக்கு கெணக்கா நாத்தம் அடிக்குதுக்கா."

அந்தப் பாத்தியில் இதுவரை இல்லாத செடி என்றால் வெளியிலிருந்து வந்த மண்ணோடுதான் வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். "அந்தப் பாத்தியை அகலப்படுத்தினப்போ கொட்டின மண்ணு மிச்சம் கிடக்கே, செவுத்தோரம், அங்க போ. வயசான செடி ஏதாவது நிக்குதா பாரு."

அவன் நடந்தான். நான் பேசுவதை டாக்டர் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது. மண் மேட்டின் மறுபக்கம், யாரும் போகாத மூலையில், ஒரு செடி நின்றது. நீளமான புனல் போன்ற வெள்ளைப் பூ ஒன்று, வாடியது. கீழே உருண்டையாக, முள்முள்ளாக ஒரு காய்.

"ஊமத்தை," என்றார் டாக்டர் என் தோளுக்குப் பின்னாலிருந்து. "அது பெரிய செடி. இவங்க சாப்பிட்டது சின்னச் செடி. ரெண்டும் ஒண்ணுதானா?"

"தெரியலை சார்," என்றேன். அன்று நான் அதை எத்தனையாவது முறையாகச் சொன்னேனோ. "ரெண்டையும் வேரோட கொண்டுவரச் சொல்றேன். ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

முருகேசன் கையுறை போட்டுப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கேட்டில் மாட்டிக்கொண்டான். தொழிற்சாலையிலிருந்து ஒரு ஆணி வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே இருந்தது அப்போதுதான் ஷிஃப்ட் மாறி வந்த செக்யூரிட்டி. போன் இணைப்பில்தான் இருந்தது, எல்லாம் கேட்டது.

"பையில என்ன?"

"செடிண்ணே."

"கம்பெனிச் செடியா? பாஸ் எங்க?"

"களைண்ணே. தன்னால மொளைச்சது."

"தன்னால மொளைச்சாலும் உள்ள மொளைச்சா கம்பெனிதுதாம்பா. திருப்பிக் கொண்டாற ஐட்டமா, கொண்டாறாத ஐட்டமா?"

"அண்ணே, ஆஸ்பத்திரியில கோமளாக்கா உசுருக்கு..."

"எந்தக் கோமளா? நம்ம வடக்குப்பட்டு கோமளாவா?" குரல் மாறியது. "இன்னாய்யா நீ, அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா? போ, போ! பாஸை நா போட்டுக்கறேன்."

எங்கள் யாருடைய அறிவும் திறக்காத கேட்டை, தினமும் காலையில் அவள் நின்று விசாரித்த விசாரிப்பு திறந்தது.

செடிகள் வந்தன. மின்விசிறியை நிறுத்திவிட்டு, விரிப்பில் வரிசையாக வைத்தோம்: ஊமத்தை, நாறும் இளஞ்செடி, நாறாத இளஞ்செடி. தண்டு, இலையடி, வாடை மூன்றிலும் முதல் இரண்டும் ஒத்துப்போயின. டாக்டர் நிமிர்ந்தார். "சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா உடம்பு சொல்றதும் இதுதான், செடி சொல்றதும் இதுதான். அனுப்பல. இங்கேயே வெச்சுப் பாக்கறேன்." அதன் பிறகு அவர் செய்தது அவர் வேலை, எனக்கு விளங்காததை நான் விவரிக்க மாட்டேன்.

மறுநாள் போனபோது கோமளா படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. எஸ்தரைப் பார்த்தாள், சரியாகப் பார்த்தாள்.

"இன்னாடி மூஞ்சி இப்டி கீது? துன்னியா இல்லியா?"

எஸ்தர் அழுதாள். அவளை நான் அப்படியும் பார்த்ததில்லை.

முந்தின நாள் நடந்தது எதுவும் கோமளாவுக்கு நினைவில்லை. தேரைப் பற்றி நான் சொன்னபோது, "போக்கா, உனக்கு வேற வேலையில்ல," என்று நம்ப மறுத்துவிட்டாள்.

இது இங்கே முடிந்திருந்தால் நல்லது. அடுத்த வாரம் கூட்டம். தொழிற்சாலையின் நிர்வாகத்தினர், சேஃப்டி ஆபீசர், நம் மேனேஜர், நான். "அனுமதியில்லாம பறிச்சிருக்காங்க. களையை வேணும்னே விட்டு வெச்சிருக்காங்க. ரெண்டு பேரையும் நிறுத்திடறதுதான் முறை," என்றார்கள். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். அந்தப் பாத்தியில் அதற்கு முன் ஊமத்தை முளைத்ததில்லை. அகலப்படுத்த வெளியிலிருந்து நாம் கொட்டிய மண்ணில்தான் பெரிய செடி நிற்கிறது. சின்னச் செடிகளும் அதே மண்ணில்தான் நிற்கின்றன. இத்தனை வருடம் அந்த இரண்டு பெண்கள் அதே இடத்தில் கிள்ளிய கீரையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அது அவர்களுக்குப் பழகிய மண். மண்ணை மாற்றியது நாம். மாற்றியதை அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நம் யாருக்கும் தோன்றவில்லை. "அவங்களை நிறுத்தற கடிதத்துல மண்ணைப் பத்தியும் எழுதணும், அப்பதான் கையெழுத்துப் போடுவேன்," என்றேன். நம் மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் சரியாகப் படிக்க முடியவில்லை. கோபமா, நிம்மதியா?

நிறுத்தவில்லை. கீரை பறிக்கத் தடை போட்டார்கள். வேலிக்குப் பின்னால் இருந்ததை நாங்களே பிடுங்கினோம், நல்லதையும் சேர்த்து. எஸ்தர் பாத்தியிலேயே இருந்தாள். கோமளாவை உள்ளே மாற்றினார்கள், வரவேற்பறைத் தொட்டிச் செடிகளுக்கு. ஏசி, மொசைக் தரை, வெயில் கிடையாது. இது தண்டனையா சலுகையா என்று அவள் என்னைக் கேட்டாள்.

"தொடச்சி தொடச்சி வெக்கறதுதாங்க்கா வேலை. பக்கத்துல பேச ஆளில்ல. எஸ்தரு கண்ணாடிக்கு அந்தாண்ட குந்திக்கினு கீறா, நா இந்தாண்ட," என்றாள். சில நாட்களில் இருவரும் கண்ணாடிக்கு இருபுறமும் நின்று கையாட்டிச் சண்டை போடுவதைப் பார்த்தேன். செக்யூரிட்டிகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் விடைபெறப் போன அன்று, கோமளா என்னை ஒரு பெரிய தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள். அகன்ற, பளபளக்கும் இலைகளுக்கு அடியில், மண்ணின் ஓரத்தில் ஒரு சின்னச் செடி முளைத்திருந்தது.

"இது இன்னாக்கா?"

முழங்கால் வலியோடு குனிந்து பார்த்தேன். இலையைத் தொட்டேன், அடியைப் பார்த்தேன், ஓரத்தைக் கசக்கி மோந்தேன். "தெரியலைடி."

"எனுக்கும் தெர்ல," என்றாள் சந்தோஷமாக. "பூ வுடட்டும்னு வெச்சிக்கினு கீறேன். துன்ன மாட்டேன், பயப்படாத."

அது பூப்பதற்குள் நான் வந்துவிட்டேன். உங்களில் யாருக்கு அந்தத் தொழிற்சாலை ஒதுக்கப்படுகிறதோ தெரியாது. போகிறவர் வரவேற்பறைத் தொட்டியில் களை நிற்கிறது என்று பிடுங்கிவிடாதீர்கள். கோமளாவிடம் போய் அது என்ன செடி என்று கேளுங்கள். பூக்காமலே இருந்தால், தெரியாது என்றுதான் சொல்வாள்.